கட்டாயமில்லாத கட்டம்

மார்ச் 4

அன்புள்ள வாத்தியாரம்மா,

போன் வேண்டாம், சத்தம்தான் மிஞ்சும், மெயிலில் எழுது என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டுப் போனாய். நான்கு மாதமாக நலம் விசாரிப்பதைத் தாண்டி ஒரு வரி எழுத வரவில்லை. இன்று ஒரு காரணம் கிடைத்தது. ஆபீஸில் புரோகிராமின் பில்ட் உடைந்துவிட்டது.

ஜாவாவைப் புதிய பதிப்புக்கு மாற்றச் சொல்லி மேனேஜர் ஒரு வாரமாகத் தலைமேல் நிற்கிறார். மாற்றினேன். ஸ்கீமாவைப் படித்து கிளாஸ்களை எழுதித் தரும் கருவி பழைய ஜாவாவோடு ஒட்டிக்கொண்டே வந்ததல்லவா, புதியதில் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். தனியாகச் சேர்த்தேன். இப்போது நோயாளி விவரத்துக்கான ஸ்கீமாவும் ரத்தப் பரிசோதனைக்கான ஸ்கீமாவும் ஒரே பெயரில் ஒரு கிளாஸை எழுதி, ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன.

சோதனைப் பிரிவுக் கண்ணாடிக்காரர் வந்து, ஸ்கீமா என்றால் என்னவென்று கேட்டார். ஆஸ்பத்திரி அனுப்பும் ரிப்போர்ட்டில் எந்தக் கட்டம் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் படிவம், அதைப் பார்த்துக் கருவியே புரோகிராம் எழுதிவிடும், கையால் எழுத வேண்டாம் என்றேன். "அப்ப உனக்கு என்னப்பா வேலை?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு உட்கார முடியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடிக்கிறேன். இதெல்லாம் நீ இங்கே வேலை பார்த்தபோது கட்டிவைத்தது. எதைத் தொட்டாலும் வேறெங்கோ இடிகிறது.

அவசரமாக,
உன் குடுக்கை

மார்ச் 9

அன்புள்ள அவசரக்குடுக்கை,

இரண்டு ஸ்கீமாவையும் ஒரே மூச்சில் ஓட்டாதே. தனித்தனியாக ஓட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி பேக்கேஜ் பெயர் கொடு, மோதாது. கருவி எழுதிய புரோகிராமைக் கையால் திருத்தியிருப்பாய், உன்னைத் தெரியாதா. அடுத்த பில்டில் அத்தனையும் துடைத்துப் போகும். திருத்த வேண்டியதை, கருவிக்கு நாம் விதி சொல்லும் பைண்டிங் கோப்பில்தான் எழுத வேண்டும். ஸ்கீமாவுக்குப் பக்கத்து ஃபோல்டரில் இருக்கிறது. அதை அப்படியே காப்பி அடிக்காதே. வரி வரியாகப் படி.

நான் நலம். நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வேலை. எங்காவது லிஃப்ட் நின்றால் எங்கள் திரையில் சிவப்பு விளக்கு எரியும், ஆள் போய்த் திறக்கும்வரை உள்ளே இருப்பவரோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருப்பது என் வேலை. நேற்று ஒரு அம்மா நாற்பது நிமிடம் உள்ளே மாட்டிக்கொண்டு, வெளியே வந்ததும் என்னை விசாரித்து, போனில் கூப்பிட்டு, உன் குரல் கேட்டுக்கொண்டே இருந்ததால் பயம் வரவில்லை என்றார். அறை பஸ் டிப்போவுக்கு எதிரே. சத்தம் பழகிவிட்டது.

சாப்பிடு. தண்ணீர் மட்டும் குடிக்காதே.

வா.

மார்ச் 12

அன்புள்ள வாத்தியாரம்மா,

ஓடிவிட்டது. பேக்கேஜைப் பிரித்தேன், மோதல் நின்றது. கையால் திருத்தியதும் உண்மைதான், துடைத்துப் போனதும் உண்மைதான்.

நலமா என்று கேட்காதது தப்பு. மன்னித்துவிடு.

ஒரு விஷயம். மேனேஜர் இன்று அக்டோபர் சமாசாரத்தை மறுபடி எடுத்தார். பைண்டிங் கோப்பை அப்படியே கொண்டுவராதே, ரிப்போர்ட்டில் வந்த பழைய பூஜ்ஜியமும் கூடவே வந்துவிடும் என்றார். எல்லோர் முன்னாலும் உன் பெயரைச் சொன்னார். நான் விடவில்லை. அந்த ரிப்போர்ட்டால் சாகக் கிடந்த பெரியவர் பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டார், தப்பு எல்லோருக்கும் நடப்பதுதான், அவள் அதற்காக வேலையையே விட்டுவிட்டாள், இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டேன். கண்ணாடிக்காரர் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நாளை கோப்பைத் திறந்து பூஜ்ஜியம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுகிறேன். உன் பெயரை இனி யாரும் எடுக்காதபடி செய்கிறேன்.

உன்
குடுக்கை

மார்ச் 13

பார்த்துவிட்டேன்.

கட்டாயமில்லாத கட்டங்களை எப்படி எழுத வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் வரி. நீ எழுதியபோது, மதிப்பு வராவிட்டால் காலியாகவே விடு என்று இருந்தது. பிறகு யாரோ ஒரே ஒரு சொல்லை மாற்றியிருக்கிறார்கள். அதன்பின் காலியாக வந்த இடமெல்லாம் பூஜ்ஜியம். அந்தப் பெரியவரின் சர்க்கரை அளவு அன்று அளக்கப்படவே இல்லை. திரையில் பூஜ்ஜியம் என்று வந்தது. நர்ஸ் பதறிப்போய் டாக்டரைக் கேட்டு குளுக்கோஸ் ஏற்றினார். சர்க்கரை நோயாளி. நான்கு நாள் தீவிர சிகிச்சை.

மாற்றிய தேதி செப்டம்பர் 17. மாற்றியவன் நான்.

அந்த மதியம் நினைவுக்கு வருகிறது. காலி மதிப்பால் பதினேழு இடத்தில் புரோகிராம் விழுந்துகொண்டிருந்தது. எங்கோ படித்து ஒரு சொல்லை மாற்றினேன். பதினேழும் ஒரே அடியில் போயிற்று. டீ வாங்கி வந்து உன் மேஜையில் வைத்து, பார்த்தாயா என்றேன்.

உனக்குத் தெரியுமா?

மார்ச் 15

நீ பதில் எழுதவில்லை. வீட்டில் ஒரு அறையில் இருந்தால் இன்னொரு அறைக்குப் போகத் தோன்றுகிறது. போனால் திரும்பத் தோன்றுகிறது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனேன். பஸ் ஏறலாம் என்றுதான். வந்து என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

மார்ச் 18

அன்புள்ள வாத்தியாரம்மா,

மேனேஜரிடம் சொன்னேன். கோப்பின் வரலாற்றைத் திறந்து காட்டினேன். "முடிஞ்சுபோனதை ஏன் கிளர்ற? அவங்க போயாச்சு" என்றார். கூட்டத்தில் எல்லோரிடமும் நானே சொன்னேன். கண்ணாடிக்காரர், எனக்கு நவம்பரிலேயே தெரியும், நீயே சொல்வாய் என்று இருந்தேன் என்றார்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய விளக்கத்தில் உன் பெயர் இருந்தது. திருத்திய கடிதம் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். நேற்று போயிற்று, நகல் இத்துடன். என்னை இந்தப் புராஜெக்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் அந்தச் சொல்லைப் பழையபடி மாற்றி, பதினேழு இடத்தையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்து, காலிக் கட்டம் காலியாக வராவிட்டால் பில்டே நின்றுவிடும்படி ஒரு சோதனையும் எழுதிவிட்டேன்.

திரும்பி வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

குடுக்கை

மார்ச் 22

அன்புள்ள குடுக்கைக்கு,

தெரியும். பெரியவர் தீவிர சிகிச்சைக்குப் போன மறுநாளே பார்த்துவிட்டேன்.

ஆனால் முழுக்க உன் தப்பு என்று எழுதாதே. நீ மாற்றியதற்குச் சரி என்று ஒப்புதல் போட்டது நான். வேறு யார் அனுப்பினாலும் ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பேன். நீ அனுப்பியது என்பதால் திறந்துகூடப் பார்க்கவில்லை. டீயைக் குடித்துக்கொண்டே ஒப்புதல் போட்டேன். பொறுப்பு என்னுடையது என்று அவர்களிடம் சொன்னது பொய் இல்லை.

நான் போனதற்குக் காரணம் அது இல்லை. நீயே பார்த்துவிட்டுச் சொல்வாய் என்று பத்தொன்பது நாள் காத்திருந்தேன். கோப்பைத் திறந்தால் இரண்டு நிமிட வேலை. அந்தப் பத்தொன்பது நாளும் நீ எனக்குச் சோற்றைத் தட்டில் போட்டுக் கொடுத்தாய், தோளைத் தட்டினாய், "தப்பு எல்லாரும் பண்றதுதான், விடு" என்றாய். எவ்வளவு அன்பாகச் சொன்னாய் தெரியுமா. ஒவ்வொரு முறையும் எழுந்து போய்விடலாம் போல இருந்தது. கடைசியில் போனேன்.

மேனேஜர் நேற்று கூப்பிட்டார். வரச்சொன்னார். வரவில்லை என்றேன். இங்கே எனக்குப் பிடித்திருக்கிறது.

கடிதத்தின் நகல் பார்த்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது அதில் இல்லை. ஏன் நீ திறந்து பார்க்கவில்லை? வேலை இருந்தது, நினைக்கவில்லை என்று எழுதுவதானால் எழுதாதே.

வா.

மார்ச் 24

அன்புள்ள வாத்தியாரம்மா,

இரண்டு நாள் யோசித்தேன். நல்ல பதிலாகத் தேடினேன், கிடைக்கவில்லை. உண்மையை எழுதுகிறேன்.

அது உன் தப்பாக இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. கல்யாணமான எட்டு வருடமாக நீ சரியாகவே இருந்தாய். வேலையிலும் சரி, வீட்டிலும் சரி, நான் வைத்ததை நீதான் எடுத்துத் திருத்தி வைப்பாய். முதல்முறையாக நீ தடுக்கினாய், நான் தூக்கிவிட்டேன். தட்டில் போட்டுக் கொடுக்கும்போது நான் சந்தோஷமாக இருந்தேன். அந்தக் கோப்பைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று லேசாகத் தெரிந்திருக்கலாம். தெரியவில்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

இதைப் படித்தபின் நீ எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன். ஆனால் இதைக் கடிதத்தில் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். டிப்போவில் நிற்கிறேன். நீ கீழே வராவிட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன்.

குடுக்கை

மார்ச் 26

சனிக்கிழமை எனக்கு டியூட்டி. ஞாயிற்றுக்கிழமை வா. டிப்போவில் நிற்காதே, வெயில். இரண்டாவது மாடி, வலது பக்கக் கதவு.