தொட்டிக்குள் போன காற்று

ஐப்பசி, செவ்வாய் இரவு.

நேற்றுவரை துள்ளிக்கொண்டிருந்த இரண்டு இறால்களும் இன்று வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டியின் அடியில் கவிழ்ந்து கிடந்தன. பவளங்களும் சுருங்கிவிட்டன. தண்ணீரில் உப்பு, சூடு எல்லாம் சரியாகவே இருந்தன. கரண்டும் போகவில்லை. அப்புறம்தான் தொட்டியின் காற்று மோட்டாருக்குப் பக்கத்து பிளக்கில் கொசு மருந்தைப் பார்த்தேன்.

“இன்னா செல்வி இது?” என்று மனைவியிடம் கத்தினேன்.

“வல்லத்துல அண்ணன் பையனுக்கு டெங்குங்க. பாப்பாவுக்காக நேத்து வாங்கி மாட்டுனேன்.”

கொசுவைக் கொல்வது இறாலையும் கொல்லும். மோட்டார் இரவெல்லாம் அந்தக் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளியிருக்கிறது. அதே அறையில் பாப்பாவும் அதைத்தான் சுவாசித்தாள்.

பிடுங்கிவிட்டேன். இப்போது அவள் காதருகே ஒரு கொசு பாடுகிறது. மறுபடி மாட்டவும் பயமாயிருக்கிறது. மாட்டாமலிருக்கவும்.