டிஷ் கட்டிய கம்பம்

புதன்கிழமை, ஐப்பசி.

காலையில் மகன் ராசுவின் விசைப்படகில் டிவிக்கு டிஷ் மாட்டினேன். படகில் உயரமான கம்பம் ஒன்றுதான். அதன் உச்சியில் இருந்த வயர்லெஸ் ஏரியலைக் கழற்றி என் பைக்குள் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் டிஷ்ஷைக் கட்டினேன். படகு கரையில் நின்ற வரைக்கும் படம் பளிச்சென்று வந்தது.

"படகு திரும்புனா படம் போயிருமேப்பா?" என்றான் ராசு.

"போனா என்னடா? ஒம் பொண்டாட்டி மொகத்த நெனச்சுக்க. அதுக்கு டிஷ்ஷு வேணாம்."

படகில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு படகு கிளம்பிவிட்டது. ஏரியலை வேறு இடத்தில் மாட்ட மறந்துவிட்டேன்.

பொழுது சாய்ந்ததும் காற்று ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் இருக்கும் வயர்லெஸ்ஸில் மற்ற படகுகள் எல்லாம் பேசுகின்றன. ராசு மட்டும் பேசவில்லை.

மருமகள் வந்து கேட்டாள். "ஏன் மாமா, அவங்க மட்டும் பேச மாட்டேங்குறாங்க?"

"டிவி பாத்துக்கிட்டு இருப்பான் ஆத்தா."

சிரித்துவிட்டுப் படுக்கப் போனாள். நான் சிரிக்கவில்லை. ஏரியல் என் பைக்குள் கிடக்கிறது. அது இல்லாமல் அவன் படகு வயர்லெஸ் பேசாது. நான் உண்மையைச் சொன்னால்தானே மற்ற படகுகள் அவனைத் தேடிப் போகும்?

கூரை ஓடு தடதடக்கிறது. மருமகள் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. சொல்லப் போகிறேன்.