மாமன் குறுக்கி எழுதிய தூரம்

சிபுண்டு கிராமம்,
அக்டோபர், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் கசூபாவுக்கு அப்பா சொல்லச் சொல்ல உன் மாமன் சிபேசா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உயிரோடும் இருமலோடும் சுகமாக இருக்கிறோம், லுசாகாவில் நீயும் சுகம் என்று சேதி வந்தால் இருமலில் பாதி குறையும். மற்றதைப் படிக்கும் முன்னால் இதை மனசில் வாங்கிக்கொள். திங்கட்கிழமை விமானத் திடலில் இறங்கி விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு நீ காட்டுக்குள் இருக்கும் நீர்யானைக் குட்டைக்கு நடக்கப்போகிறாயே, அந்த வழி நீ நினைத்திருப்பதைவிட ரொம்ப நீளம். போன கடிதத்தில் தப்பு ஆகிவிட்டது. எப்படி ஆனது என்று நான் நிதானமாகச் சொல்கிறேன், நீ வேகமாகப் படி.

உன் கடிதம் ஞாயிற்றுக்கிழமை மக்காச்சோள லாரியில் வந்தது. ஓட்டுநர் பாஷி மம்ப்வே, நம் மம்ப்வேயின் அப்பாதான், அதைத் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்தான், ஓரமெல்லாம் அவன் வியர்வை. நிலக்கடலை இடித்துக்கொண்டிருந்த உன் அம்மா உலக்கையை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள், மாமன் படித்தான். காடு சுற்றிக்காட்டும் உன் கம்பெனியில் முதல்முதலாக ஒரு பயணத்தை முழுசாக உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று கேட்டதும் அவள் போட்ட குலவையில் பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின. விருந்தாளிகள் நாலு பேர், வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் பெரிய காடுகளையெல்லாம் பார்த்துச் சலித்தவர்கள், யாரும் போகாத காடுதான் வேண்டும் என்று கேட்டார்கள், நீ நம் வடக்கு லுவாங்வாவைச் சொன்னாய். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். ஆனால் யாரும் போகாத காட்டில் விழுந்தால் தூக்கவும் யாரும் வர மாட்டார்களே, அதையும் சொன்னாயா என்று கேட்டேன். மாமன் என்னைப் பார்த்து, காகிதத்துக்கிட்ட என்ன கேள்வி கேக்குற, அதுக்குக் காது இல்ல மச்சான் என்றான்.

அதற்கு அடுத்த வரியில்தான் தப்பு தெரிந்தது. அப்பா, நீங்க சொன்ன மூணு எடமும் பக்கத்துப் பக்கத்துலயே இருக்கு, ரொம்ப நல்லதாப் போச்சு, காலையில வெயில் ஏறினப்புறம் நிதானமாக் கிளம்பினாலும் மதியச் சாப்பாட்டுக்குக் குட்டைக்கரைக்குப் போயிடுவோம், ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணி போதும் என்று எழுதியிருந்தாய். மாமனை நிறுத்தச் சொன்னேன். மறுபடியும் படி என்றேன். மறுபடியும் அதேதான். பக்கத்துப் பக்கத்துலன்னு இவளுக்கு யாரு சொன்னது என்று கேட்டேன். நீதான் என்றான்.

மகளே, நான் எப்படிச் சொல்வேன் என்று உனக்குத் தெரியாதா. போன மாதம் அந்தக் கடிதத்துக்காக மக்காச்சோளக் கிடங்கின் நிழலில் மாமன் பக்கத்தில் உட்கார்ந்து, கையை நீட்டி, கல்லோடை அந்தா என்றேன். ஓடை அத்திமரத்துக்கு இப்பால்தானே, அதனால் சும்மா அந்தா. அதற்கப்புறம் அத்திமரம் அந்தாஆஆஆ என்றேன். பிறகு மோவாயைத் தூக்கி, கழுத்து நரம்பு தெரிய, குட்டையை எவ்வளவு இழுக்க வேண்டுமோ அவ்வளவும் இழுத்தேன், இழுத்து முடித்ததும் மூச்சு வாங்கியது, தண்ணீர் கேட்டுக் குடித்தேன், உன் அம்மா சாட்சி. நம் ஜனங்களில் நாலு வயதுப் பிள்ளைகூட அந்த இழுப்பைக் கேட்டுத் தூரத்தைச் சொல்லிவிடும். உன் மாமன் என்ன செய்திருக்கிறான் என்றால், கல்லோடை அந்தா, அத்திமரம் அந்தா, குட்டை அந்தா என்று மூன்றையும் ஒரே அளவில் வெட்டி அடுக்கிவிட்டான். ஏண்டா இப்படிப் பண்ணின என்று கேட்டால், பள்ளிக்கூடத்துல எங்களுக்கு ஒரு தாவன்னாவுக்கு ஒரு கால்தான் சொல்லிக் குடுத்தாங்க, உன் வாய் போற போக்குக்கெல்லாம் கால் போட்டா காகிதம் யாரு வாங்கித் தர்றது என்கிறான். கிடங்கில் இருபது வருஷம் மூட்டைக்கு நம்பர் போட்ட கை, ஒரு எழுத்து கூடுதலாகப் போனால் அவனுக்குக் காய்ச்சல் வரும்.

எங்கள் இரண்டு குலத்துக்குள் வழக்கமான கேலியிலேயே நன்றாகத் திட்டினேன். காளான் குலத்தானுக்கு எழுத்து எதுக்கு, மழைக் குலத்தான் நான் பெய்யாட்டி நீங்க தலையே தூக்க முடியாது, மூளை மட்டும் எங்கேருந்து முளைக்கும் என்றேன். அவனும் விடவில்லை, மழை பெஞ்சா ஊரெல்லாம் சேறு, காளான் முளைச்சாத்தான் ஊருக்குச் சோறு, உன் வீட்டுல ஆக்கிப் போடுறவளும் காளான்தான், பெத்த மகளும் தாய்வழியில காளான்தான், நீ ஒருத்தன் மட்டும் ஓட்டைக் கூரையில ஒழுகுற என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் உன் கடிதத்தின் அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

ஏன் என்று சொல்கிறேன், இது உனக்குச் சொன்னதில்லை. நீ பிறக்காத காலம், நிலம் அளக்க வந்த இரண்டு பேருக்கு அதே வழியில் சுமை தூக்கினேன். நாங்கள் ஒன்பது பேர். சமையல்காரர் பெயர் சகாலா, கிழக்கேயிருந்து வந்தவர், பழுப்புத் தோல் பூட்ஸ் போட்டிருப்பார், இடது பூட்ஸில் நாடாவுக்குப் பதிலாகச் செம்புக் கம்பி. குட்டை எங்கே என்று அளவைக்காரர் கேட்டார், நான் இழுக்கவேண்டிய அளவு இழுத்துத்தான் சொன்னேன், பட்டணத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளன் அதை இத்தனூண்டு சொல்லாக்கி அவர் கையில் கொடுத்தான். அப்படியானால் சுமை குறையட்டும் என்று தண்ணீர்ப் பீப்பாயை அங்கேயே இறக்கி வைத்துவிட்டார்கள். அந்தப் பீப்பாய் என் பங்குச் சுமை. ஏன் விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கழுத்துக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. சூரியன் சாயத் தொடங்கியபோது சகாலா ஒரு மொப்பானி மரத்தடியில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, வீட்டுக்குள் போகிறவர் மாதிரி ஜோடியாக ஓரத்தில் வைத்தார். நீங்க போங்க தம்பி, நான் கொஞ்சம் உக்காந்து வர்றேன் என்றார். நாங்கள் குட்டையிலிருந்து தண்ணீரோடு ஓடி வந்தபோது மரத்தடியில் அவர் இல்லை, தேடியும் கிடைக்கவில்லை, பூட்ஸ் இரண்டும் வைத்தபடியே இருந்தன. அதுவும் வெயில் கொளுத்தும் இதே அக்டோபர்தான். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் வாசலுக்குப் போகிறேன், வாசலில் ஒன்றும் இல்லை, திரும்பி வருகிறேன். ந்ஷிமாக் களி உருண்டையைக் குழம்பில் தோய்த்துக் கையில் வைத்துக்கொண்டே மறந்துபோகிறேன். நேற்று விடிந்ததும் தடியை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் திடலுக்கே கிளம்பிவிட்டேன், இரண்டு நாள் நடைதானே, உன்னை நேரில் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று. வாய்க்காலைத் தாண்டுவதற்குள் முழங்கால் பரங்கிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. உன் அம்மா பின்னாலேயே வந்து, என்ன மாப்பிள்ள, பொண்ணு பாக்கவா கிளம்பிட்டீங்க, மூட்டையக் காணோம் என்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டாள். அப்புறம், நடந்து சேராத சொல்ல லாரியில ஏத்துங்க என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். நாளைக் காலை லாரி கிளம்புகிறது, வெள்ளிக்கிழமை உன் கையில் கிடைக்கும் என்று பாஷி மம்ப்வே தொப்பியின் மேல் கைவைத்துச் சொல்லியிருக்கிறான்.

இப்போது நீ போட்டிருக்கும் திட்டத்தை இப்படி மாற்று. துப்பாக்கியோடு கூட வரும் காவலரை நம்பிவிடாதே, வேறு பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, வண்டி போகும் பாதை தவிர அவருக்குத் தெரியாது. கௌதாரி கத்தும்போது எல்லாரும் நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். கல்லோடையில் இப்போது கல் மட்டும்தான் இருக்கும். அத்திமரத்துக்குப் போகும்போது சூரியன் தலைக்கு மேல் வந்திருக்கும், அது விருந்தாளிகள் ஒவ்வொரு சாணத்துக்கும் நின்று படம் பிடிக்காமல் நடந்தால். அங்கேயே நின்றுவிடு, அன்றைக்கு ஒரு அடிகூட மேலே வேண்டாம், ராத்தங்கல் அங்கேதான். மரத்துக்குக் கிழக்கே மணலாற்றில் யானைகள் தோண்டின குழி இருக்கும், அவை குடித்துவிட்டுப் போகும்வரை பொறுத்திருந்து அதே குழியில் முழங்கை ஆழம் தோண்டு, தண்ணீர் ஊறும். நீயாக வேறு இடத்தில் தோண்டிப் பார்க்காதே, யானைக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. அதை நம்பியும் இருக்காதே, ஆளுக்கு ஆறு பாட்டில், சுமக்க இரண்டு ஆள் கூடுதலாகக் கேள். கம்பெனி முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். மறுநாள் விடியலில் குட்டைக்கு நட. மூன்று நாள் பயணம் நாலு நாள் ஆகும், ஆகட்டும், அவர்கள் காட்டைப் பார்க்கத்தானே வருகிறார்கள், ஒரு நாள் கூடுதலாகப் பார்க்கட்டும்.

நீலத் துணியும் கறுப்புத் துணியும் வேண்டாம் என்று சொல்லிவிடு, அந்தக் கடிக்கிற ஈ நீலத்தைக் கண்டால் கல்யாண வீடு மாதிரி கூடிவிடும். குட்டைக்கரையில் புல் மழித்தது போல வாய்க்காலாக ஒரு தடம் இருக்கும், சமமாக இருக்கிறதே என்று அதில் கூடாரம் போடாதே, நீர்யானை மேயப் போகிற வழி அது. எருமைக் கூட்டம் வந்தால் சிங்கம் பின்னாலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள். விருந்தாளிகள் சிரித்தாலும் பரவாயில்லை, தலையை எண்ணிக்கொண்டே நட. யாராவது நடுவில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினால், கழற்ற விடாதே.

வீட்டுச் சேதி என்றால், மாமரத்தில் பாதியை யானை தின்றுவிட்டது, மீதியைப் பக்கத்து வீட்டார் யானை தின்றதாகச் சொல்லித் தின்கிறார்கள். அம்மா உனக்கு வறுத்த கடலையும் கொறிக்க உலர்ந்த மொப்பானிப் புழுவும் கட்டி லாரியில் கொடுத்திருக்கிறாள், புழுவை ஆபீஸில் பிரிக்காதே. சிவப்புச் சேவல் செத்துப்போனது. கூரைக்குப் புல் இன்னும் அறுக்கவில்லை, மழைக்கு முன்னால் அறுத்துவிடுவேன், முழங்கால் விட்டால். (மருமகளே, மாமன் எழுதுகிறேன். இவர் சொல்லாததையும் சேர்த்து எழுதுகிறேன். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தப்பு என்னுடையது. கடிதத்தை மடிக்கும் முன் இந்தத் தடவை மூன்று முறை படித்துக் காட்டப்போகிறேன்.) என்னடா தனியாக எழுதுகிறாய் என்று கேட்டேன், புள்ளி வைத்தேன் என்கிறான்.

நம் முன்னோர்கள் உனக்கு முன்னால் நடந்து வழி பார்க்கட்டும். காலில் முள்ளும் நாக்கில் வறட்சியும் இல்லாமல் நீயும் உன்னை நம்பி வருகிறவர்களும் திரும்பி வாருங்கள். உன் அம்மா கைதட்டிக் கும்பிடுகிறாள்.

கடைசியாக ஒன்று. குட்டை எவ்வளவு தூரம் என்பதை இப்போது நான் இழுக்கிறேன், உன் மாமன் நான் நிறுத்தும்வரை ஆவன்னா போட வேண்டும் என்று பேசியிருக்கிறோம். வாய்விட்டு, ஒரே மூச்சில் படி. மூச்சு தீருகிற இடத்தில்தான் தண்ணீர். குட்டை அந்தாஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆஆ.

படித்ததும் பதில் எழுதாதே, எழுத்தின் லட்சணத்தைத்தான் பார்த்துவிட்டேனே. பாஷி மம்ப்வேயை முன்னால் நிறுத்தி இந்தச் சொல்லை நீ இழுத்துச் சொல், அவனையும் அப்படியே சொல்ல வை. ஞாயிற்றுக்கிழமை லாரி திரும்பும்போது நான் ரோட்டில் நிற்பேன். அவன் எஞ்சினை நிறுத்திவிட்டு எவ்வளவு இழுக்கிறான் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் சாப்பிடப் போவேன்.

இப்படிக்கு உன் அப்பா,
பாஷி கசூபா.
பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன், மை கொஞ்சம் இழுபட்டுவிட்டது.