ஒற்றை சீட் வண்டி

பிப்ரவரி 3, செவ்வாய்

பழைய பைக் இன்ஜின் வந்து சேர்ந்தது. பழைய இரும்புக் கடைக்காரர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, "பத்திரமா பார்த்துக்குங்க, இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் இனிமே கிடைக்காது" என்று பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர் போலச் சொல்லிவிட்டுப் போனார். பிஸ்டன் இறுகிக் கிடக்கிறது. பிளக் ஓட்டை வழியாக டீசல் ஊற்றி ஊறவைத்திருக்கிறேன். சாப்பாட்டு மேஜை மேல்தான். கேட்பதற்கு ஆளில்லை.

வேலை பார்க்கிற ஊரிலிருந்து மனைவி போன் செய்தாள். சாப்பிட்டீங்களா? ஆச்சு. இன்ஜினைப் பற்றிச் சொல்லவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

அசையவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

மரக்கட்டையை வைத்துத் தட்டியதில் பிஸ்டன் இறங்கிவிட்டது. உள்ளே அவ்வளவு மோசமில்லை. சிலிண்டரைக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட்டால் போதும்.

அவளிடம் சொன்னேன். "அப்போ இங்க வர்ற மாதிரி இல்லையா?" என்றாள். தலைமை நர்ஸ் ஆக்கி அவளை அந்த ஊருக்கு மாற்றியதிலிருந்து இந்தப் பேச்சு ஓடுகிறது. பஸ்ஸில் போனால் பாதி நாள். நான் பல் செட் செய்கிறவன். இங்கே என்னை நம்பி மூன்று டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று எப்போதும் சொல்வதையே சொன்னேன். "இந்த ஊர்ல மட்டும் எல்லாருக்கும் பல்லு திரும்பத் திரும்ப முளைக்குதா?" என்றாள். சிரித்துவிட்டேன். பார்க்கலாம் என்றேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

லேத் பட்டறை. சிலிண்டர் வேலை முடிந்தது. வேறொரு வண்டியின் ஃபிரேமை வாங்கிப் போட்டிருந்தேன், அதற்குள் இன்ஜின் உட்காருகிற மாதிரி லேத்காரர் பட்டை அடித்துக் கொடுத்தார். அடுத்து வாலை வெட்டச் சொன்னேன். இப்படி வண்டி கட்டுகிற யாரும் முதலில் செய்கிற காரியம் அதுதான். பின்பக்கத்தைக் குட்டையாக்கி ஒரே ஒரு சீட் வைத்தால்தான் எடுப்பாக இருக்கும்.

"பின்னால யாரும் உட்கார வேண்டாமா தம்பி?"

"அழகா இருக்கும்ணே."

சாக்பீஸால் நானே கோடு போட்டேன். பின்னால் கால் வைக்கிற கம்பிகளையும் அறுத்துவிட்டார். தள்ளி நின்று பார்த்தேன். உண்மையிலேயே அழகு.

மார்ச் 6, வெள்ளி

ஒரு முழு வரிசை பல் செட் திரும்பி வந்துவிட்டது. கடித்தால் இடது பக்கம் தூக்குகிறதாம். கவனமில்லாமல் செய்திருக்கிறேன். வேறு விசேஷமில்லை.

மார்ச் 15, ஞாயிறு

நேற்று அவள் வந்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்ததும் முதல் கேள்வி: "காய் இல்ல, பால் இல்ல, இரும்பு வளையம் மட்டும் இருக்கு. இதை எப்படிச் சமைக்கணும்?" பேரிங்கை ஃப்ரீசரில் வைத்து, இன்ஜின் கூட்டை அடுப்பில் சூடு காட்டினால், தட்டாமலேயே உள்ளே இறங்கும் என்று விளக்கினேன். என் தோசைக்கல் மேலயா என்றாள். ஆமாம் என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டுதான்.

பிறகு வாசலுக்குப் போய் ஃபிரேமைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான் எங்க உட்காரணும்?"

"இந்த மாடலே இப்படித்தான்" என்றேன்.

சரி என்றாள். அதற்குப் பிறகு வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாளைக் காலை பஸ்ஸில் போவதாக இருந்தவள், டூட்டி மாறிவிட்டது என்று இன்று மதியமே கிளம்பிவிட்டாள்.

மார்ச் 16, திங்கள்

ஒரு சீட்டுக்கு இவ்வளவா? வண்டி என்றால் வண்டி. அதில் என்ன அர்த்தம் இருக்கிறது? கல்யாணமான புதுசிலிருந்து அவளைப் பின்னால் உட்காரவைத்துத்தானே ஊரெல்லாம் சுற்றினேன் – இப்ப ஒரு வண்டி, ஒரே ஒரு வண்டி எனக்குன்னு இருக்கக் கூடாதா? சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே. சொல்ல மாட்டா.

மார்ச் 22, ஞாயிறு

சொல்லிவிட்டாள்.

ஆஸ்பத்திரி வளாகத்திலேயே தங்க இடம் தருகிறார்களாம். குடும்பத்தோடு என்றால் சின்ன வீடு. தனி ஆள் என்றால் நர்ஸ் விடுதியில் ஓர் அறை. ஏப்ரல் கடைசிக்குள் எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

"உங்களைக் கேட்கப் போறதில்ல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"என்ன தெரிஞ்சுது?"

"அதான் வண்டியைப் பார்த்தேனே."

மார்ச் 24, செவ்வாய்

அக்காவுக்குப் போன் செய்தேன். என் பக்கம் பேசுவாள் என்று ஓர் ஆசை. முழுதும் கேட்டுவிட்டு, "அந்த வாலை வெட்டும்போது அவ ஞாபகம் உனக்கு வந்துச்சா இல்லையாடா?" என்றாள்.

வரவில்லை. அவளை வேண்டாம் என்று வெட்டவில்லை. கோபத்தில் வெட்டவில்லை. கையில் சாக்பீஸ் இருந்தது, கோடு போட்டேன், அவ்வளவுதான். லேத்காரர் வாய்விட்டுக் கேட்டும் அவள் முகம் வரவில்லை. கோபத்தில் வெட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அக்கா சொல்லவில்லை. அது எனக்கே தோன்றியது. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 31, செவ்வாய்

மறுபடி லேத் பட்டறை. பின்பக்கத்தை வைத்துக் கொடுக்கச் சொன்னேன்.

"வெட்டினதை ஒட்டணுமாக்கும்" என்று லேத்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். வெட்டின துண்டுகள் போன மாதமே எடைக்குப் போய்விட்டன. புதுக் குழாய்தான். வெட்டின வாயில் உள்ளே ஒரு சின்னக் குழாயைச் செருகி அதன் மேல் வெல்டிங் வைத்தால்தான் இரண்டு ஆள் எடை தாங்கும் என்றார். தழும்பு தெரியுமாம்.

"அழகு போயிடுமே தம்பி."

"போகட்டும்ணே."

"வீட்ல சத்தமா?"

"சத்தமே இல்லண்ணே. அதான்."

அதற்கு மேல் கேட்காமல் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்ஜின் கிளம்பியது. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, ஏழெட்டு முறை உதைத்த பிறகு ஒரே புகை, ஒரே சத்தம், பக்கத்து வீட்டு நாய் ஓடியே போய்விட்டது. ஏறி உட்கார்ந்து முதல் கியர் போட்டு கிளட்சை விட்டேன். வண்டி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

பிளக் பொறி அடிக்கிற டைமிங்கைத் தப்பாக வைத்திருக்கிறேன். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு முன்னால் பின்னால் என்ற கவலையெல்லாம் இல்லை. டைமிங் பிசகினால் எதிர்ப்பக்கமாகச் சுற்றியும் ஜோராக ஓடும். படித்திருக்கிறேன். எனக்கே நடக்கும் என்று நினைக்கவில்லை.

அவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, "வீடுன்னே எழுதிக் குடு, நான் வர்றேன்" என்றேன்.

"வண்டி ஓடின சந்தோஷத்துல சொல்றீங்க."

"பின்னால ஓடுச்சு. அதுல என்ன சந்தோஷம்?"

"பார்க்கலாம்" என்றாள்.

அந்த வார்த்தையை வாங்கிக்கொள்கிற பக்கம் இருந்தால் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

ஏப்ரல் 26, ஞாயிறு

அவள் வந்தாள். நீள சீட்டைப் பார்த்தாள். வெல்டிங் தழும்பின் மேல் விரலை ஓட்டினாள். சாவியைக் கேட்டாள்.

"உனக்கு கியர் வண்டி –"

"ஓட்டுவேன். லைசென்ஸ்கூட எடுத்தாச்சு. ஆஸ்பத்திரி ஸ்டோர்ல வேலை பார்க்கிற ஒரு அம்மாவோட வண்டியிலதான் தினம் போய்ட்டு வர்றேன். நீங்க கேட்கவே இல்லையே."

மூன்றாவது உதையில் கிளப்பினாள். நான் பின்னால் ஏறினேன். பின்னால் கால் வைக்கிற கம்பிகளை எவ்வளவு உயரத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்பது அதில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். முழங்கால் காதைத் தொடுகிறது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் தோளில் வைத்தேன். பெரிய சாலை வரைக்கும் நன்றாகத்தான் ஓட்டினாள்.

பாலத்துக்குக் கீழே நிறுத்தினாள். திரும்பிப் பார்க்காமல் சொன்னாள், "நீங்க சொல்றதுக்கு முந்தின வாரமே எழுதிக் குடுத்துட்டேன். தனி ரூம்னு. மாத்த மாட்டாங்களாம்."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "சரி" என்றேன்.

மே 4, திங்கள்

அவள் இருக்கிற ஊருக்கே போகிறேன் என்று மூன்று டாக்டர்களிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் அப்படியா என்றார்கள். ஒருவர் போன வாரம் அளவு அனுப்பிய செட் எப்போது வரும் என்று கேட்டார். என்னை நம்பித்தான் இருக்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

இந்த ஊர் பழகிவிட்டது. பல் செட் வேலை இங்கேயும் கிடைக்கிறது, அவள் சொன்னதுதான் சரி. மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, மதிய வெயில் நேராக உள்ளே வருகிறது. ஆஸ்பத்திரி மூன்று தெரு தள்ளி. வண்டி அவளிடம் இருக்கிறது. வேலைக்கு நான் நடந்துதான் போகிறேன்.

ஞாயிறு மட்டும் வருவாள். சமைப்போம், சாப்பிடுவோம், சாயங்காலம் விடுதிக்குப் போய்விடுவாள். இரு என்று நான் சொன்னதில்லை.

இன்று கிளம்பும்போது பையிலிருந்து இரண்டு செட் யூனிஃபார்மை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். "இது இங்கயே இருக்கட்டும். சில நாள் இங்கேர்ந்தே டூட்டிக்குப் போயிடுறேன்" என்றாள்.

அலமாரியில் மேல் தட்டைக் காலி செய்து வைத்திருக்கிறேன்.