நூறு மீட்டர் இடைவெளியைக் கை எட்டும் தூரமாகக் குறைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
மற்றும் கயாக்கில் மீன் பிடிக்கும் மூவர்,
படகுச் சரிவுக் கொட்டகை
(சைக்கிள் கடைக்குப் பின்புறம்).

பெறுநர்:
உயர்திரு துறைமுகப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
துறைமுக அலுவலகம், முதல் மாடி.

பொருள்: கடலில் கயாக்குகளுக்கு இடையே நூறு மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்ற ஆணையைத் திருத்தவும், அதை மீறியதாக எங்களுக்கு வந்த எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெறவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. படகுச் சரிவின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட தங்கள் ஆணை. 2. மேற்படி எச்சரிக்கைக் கடிதம்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நாங்கள் நால்வர். நான் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மற்றவர்கள் ஒரு பல் மருத்துவர், ஒரு பேருந்து நடத்துநர், ஒரு தையல்காரர். ஞாயிறுதோறும் விடிந்ததும் ஆளுக்கொரு கயாக்கைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போய்த் தூண்டில் போட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவோம். கயாக் என்பது தாங்கள் அறிந்ததே: ஒருவர் காலை நீட்டி உட்காரும் நீளமான பிளாஸ்டிக் ஓடம். எஞ்சின் கிடையாது, கூரை கிடையாது, எழுந்து நிற்க இடம் கிடையாது. இருப்பது கையில் ஒரு துடுப்பும் பக்கத்துக் கயாக்கில் ஓர் ஆளும்தான். அந்தப் பக்கத்து ஆளைப் பற்றியதே இந்த மனு.

2. ஆணை ஏன் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. தவறு எங்கள் பக்கம்தான். ஆனால் தாங்கள் நினைக்கும் தவறு அல்ல.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மீன் பிடித்துக் களைத்ததும் நான்கு கயாக்குகளையும் பக்கம் பக்கமாக ஒட்டவைத்து, ஒருவர் கயாக்கின் விளிம்பை மற்றவர் பிடித்துக்கொண்டு தேநீர் குடிப்போம். அப்போது நால்வருக்கும் சேர்த்து ஒரே நங்கூரம் போதும். ஈரக் கயிற்றை இழுத்து ஏற்றுவது யாருக்கும் பிடித்த வேலை இல்லை. ஆகவே அன்றைய முதல் மீனைப் பிடித்தவருக்கு அந்த வேலையிலிருந்து விலக்கு. கடைசியாகப் பிடித்தவர் நங்கூரம் போட வேண்டும்.

அன்று எங்களுக்கு அடியில் பாரை மீன் கூட்டம் ஒன்று புகுந்து போனது. நான்கு தூண்டிலும் ஒரே நேரத்தில் வளைந்தன. முதல் மீன் என்னுடையதுதான் என்று நால்வரும் சொன்னோம். கடைசி மீனை யாரும் பிடிக்கவில்லை. கயாக்குகளை ஒட்டவைத்து, தேநீரை ஊற்றிக்கொண்டே வழக்கு நடந்தது. “மீன் உள்ள வந்து விழுந்தாதான் கணக்கு, சும்மா கடிச்சதெல்லாம் கணக்கில்ல” என்றார் பல் மருத்துவர். “ஏறினா ஏறினதுதான் டாக்டரம்மா. உட்கார்ந்தாதான் பயணின்னு எந்த ஊர்ல சொல்றாங்க?” என்றார் நடத்துநர். “என் மீன் பெருசு, அதான் மெதுவா வந்துச்சு. பெரிய மனுஷனுக்காகக் கொஞ்சம் காத்திருக்க மாட்டீங்களா?” என்றார் தையல்காரர். நானும் என் தரப்பை எடுத்துக்காட்டுகளுடன் விளக்கினேன்.

தீர்ப்பு வரும்வரை யாரும் நங்கூரம் போடவில்லை. போடவில்லை என்பதை யாரும் கவனிக்கவும் இல்லை. சரக்குக் கப்பல் ஒன்று ஊதிய ஊதலில் கோப்பை கை நழுவியபோதுதான், கப்பல் வரும் பாதையின் நடுவில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது தெரிந்தது. தங்கள் மீட்புப் படகு வந்து நால்வரையும் ஒரே கயிற்றில் கட்டி, வாத்துக்குஞ்சுகளைப் போல இழுத்து வந்தது. படகை ஓட்டியவர் எங்களைத் திட்டி முடித்துவிட்டு, “டீ மிச்சம் இருக்கா?” என்று கேட்டார். இருந்தது, கொடுத்தோம். அவருக்கு எங்கள் நன்றியை இங்கே பதிவு செய்கிறேன்.

3. அதன் பிறகு வந்த ஆணை, கயாக்குகள் ஒன்றோடொன்று நெருங்கியிருந்ததே இதற்குக் காரணம் என்றும், ஆகவே இனி நூறு மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்றும் கூறுகிறது.

ஐயா, ஆயிரக்கணக்கில் விடைத்தாள் திருத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன். சில பிள்ளைகள் விடையை அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருப்பார்கள். ஆனால் அது வேறொரு கேள்விக்கான விடையாக இருக்கும். மதிப்பெண் போடவும் முடியாது, அடிக்கவும் மனம் வராது. தங்கள் ஆணையைப் படித்தபோது எனக்கு அப்படித்தான் இருந்தது. நாங்கள் மிதந்து போனது நெருங்கியிருந்ததால் அல்ல, நங்கூரம் போடாததால். நூறு மீட்டர் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தாலும் அதே கப்பலின் முன்னால்தான் போயிருப்போம். ஒன்றாகப் போகாமல் வரிசையாகப் போயிருப்போம், அவ்வளவே.

4. எனினும் ஆணைக்குக் கட்டுப்பட்டோம். கடலில் மின்கம்பங்கள் இல்லாததால் நூறு மீட்டரை எப்படி அளப்பது என்பதே முதல் சிக்கல். “அடுத்த ஸ்டாப்புக்குப் பாதி தூரம்” என்று நடத்துநர் குத்துமதிப்பாகச் சொன்னதை வைத்துக்கொண்டோம்.

அந்தத் தூரத்தில் பேச முடியாது, கத்தத்தான் முடியும். மீன் எந்த இடத்தில் கடிக்கிறது என்று இதுநாள்வரை காதோடு காதாகச் சொல்லிவந்தது, இப்போது கரையில் நடைப்பயிற்சி போகிறவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. “என்ன டீச்சர், இந்த வாரமும் ஒண்ணும் மாட்டலையாமே?” என்று பால்காரர் என்னிடம் துக்கம் விசாரிக்கிறார்.

மறந்துபோன இரை, ஈயக்குண்டு, தண்ணீர் பாட்டில், தேநீர்க் கோப்பை எதுவானாலும் துடுப்பின் தட்டையான முனையில் வைத்துத்தான் பக்கத்துக் கயாக்குக்கு நீட்டுவோம். உடம்பை வளைத்துக் கையை நீட்டினால் ஓடம் சாயும், துடுப்பை நீட்டினால் சாயாது. நூறு மீட்டர் நீளத்தில் துடுப்பு கிடைக்குமா என்று விசாரித்துப் பார்த்தேன். கடைக்காரர் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

இன்னொரு நாள் நடத்துநரின் கட்டைவிரலில் தூண்டில் முள் ஏறிவிட்டது. முன்பெல்லாம் டாக்டரம்மா பக்கத்தில் வந்து, குறட்டால் முள்ளின் நுனியை நறுக்கி, நோகாமல் உருவிவிடுவார். இந்த முறை நூறு மீட்டருக்கு அப்பாலிருந்து வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று. “பயப்படாதீங்க! வாயை நல்லாத் திறங்க!” என்று தொழில் பழக்கத்தில் கத்தினார். “முள்ளு விரல்ல டாக்டரம்மா, வாயை எதுக்குத் திறக்கணும்?” என்று இவர் கத்தினார். கேட்டுக்கொண்டே வாயைத் திறந்தும் வைத்திருந்தார். முள் கரைக்கு வந்த பிறகுதான் எடுக்கப்பட்டது.

5. இதுவரை சொன்னவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. இனிச் சொல்வது அப்படி அல்ல.

எங்கள் தையல்காரருக்கு வலது தோள் ஓர் அளவுக்கு மேல் தூக்காது. கயாக் கவிழ்ந்தால், அதை நிமிர்த்தி, அதன் மேல் குப்புற விழுந்து ஏற வேண்டும். இதை நாங்கள் ஆழமில்லாத நீரில் பலமுறை பழகியிருக்கிறோம். அவர் ஏறும்போது மட்டும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் கயாக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தால் ஏறிவிடுவார், பிடிக்காவிட்டால் ஏற மாட்டார். அதனால்தான் அவரை எப்போதும் நடுவில் விட்டுக்கொண்டு போவோம். தங்கள் ஆணைக்குப் பிறகும் அவர் நடுவில்தான் போனார். ஆனால் அந்த நடுவில் அவர் மட்டுமே இருந்தார்.

ஒரு சீலா மீனைச் சாய்ந்து வலையில் அள்ளப் போனவரைப் பக்கவாட்டில் வந்த அலை கவிழ்த்துவிட்டது. நடத்துநர் விசில் ஊதினார். நானும் டாக்டரம்மாவும் மூச்சு முட்டத் துடுப்பு போட்டோம். போய்ச் சேர்வதற்குள் அவர் இரண்டு முறை ஏற முயன்று வழுக்கி விழுந்து, நிறைய உப்புநீர் குடித்திருந்தார். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் மூழ்கவில்லை. கயாக்கின் பிடியில் இறுகிப்போயிருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. நடத்துநரும் வந்து சேர்ந்ததும், நான்கு கயாக்குகளையும் ஒட்டிப் பிடித்து அவரை மேலே ஏற்றினோம். பேச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “டீச்சர், தள்ளிப் போங்க, நூறு மீட்டர்” என்பதுதான். எங்களைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

6. இதற்குத்தான் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. “நான்கு கயாக்குகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்தது கண்டறியப்பட்டது” என்று அதில் எழுதியிருக்கிறது. உண்மை. ஒரு சொல் பிழை இல்லை. கண்காணிப்புக் கோபுரத்துக் காவலர் மீது எங்களுக்குக் குறையும் இல்லை. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால், தேநீர் குடிப்பதும் உயிர் காப்பதும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

7. கயாக் கவிழ்ந்த அன்றே தையல்காரரின் மனைவி அவருடைய துடுப்பை இரண்டாகக் கழற்றி, துணி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். நாங்கள் மூவரும் சமாதானம் பேசப் போனோம். வெட்டுமேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் கையில் கத்தரியுடன் அவர்.

“நீங்க மூணு பேரும் பக்கத்துல இருப்பீங்கன்னுதான் இவரை அனுப்பினேன். இப்ப பக்கத்துல இருக்கவே கூடாதுன்னு ஆபீஸ்லயே எழுதி ஒட்டிட்டாங்க. அப்புறம் எதை நம்பி அனுப்பச் சொல்றீங்க?” என்று கேட்டார்.

“ஆர்டரை மீறியாவது பக்கத்துல இருப்போம் அக்கா” என்றார் நடத்துநர்.

“அப்ப நாலு பேருக்கும் ஜெயிலுக்கு டீ கொண்டுவர்ற வேலை எனக்கா? ஆர்டரை மாத்திட்டு வாங்க, துடுப்பைத் தர்றேன்.”

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. துடுப்பு இல்லாமலே திரும்பிவிட்டோம்.

தையல்காரர் இப்போது ஞாயிறுதோறும் கரைக்கு வந்து, எங்கள் கயாக்குகளைத் தள்ளிவிட்டு, முழங்கால் நீரில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பறவைகள் எங்கே நீரில் விழுகின்றன என்று கைநீட்டிக் கத்துகிறார். அவர் சொல்லும் இடது பக்கம் அவருக்கு இடதா எங்களுக்கு இடதா என்பது இன்னும் விளங்கவில்லை. நாங்கள் திரும்பும்வரை அவர் வீட்டுக்குப் போவதில்லை. கடைசி ஆள் கரையேறாமல் யாரும் கிளம்பக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம்தான். கடலுக்கே போகாதவர் அந்த வழக்கத்தைக் காப்பாற்றுவதைப் பார்க்க எங்களுக்குத்தான் முடியவில்லை. சென்ற வாரம் ஒரு சட்டைக்கு இரண்டு கைகளையும் இடக்கையாகவே வெட்டிவிட்டார். அது டாக்டரம்மாவின் கணவருடைய சட்டை. அவரும் இந்த மனுவை ஆதரிக்கிறார்.

8. நெருங்கியிருப்பது ஆபத்தா பாதுகாப்பா என்பதைத் தாங்களே சோதித்துப் பார்க்க, இத்துடன் இரண்டு பென்சில்களும் ஒரு ரப்பர் பேண்டும் இணைத்துள்ளேன். ஒரு பென்சிலை மேசைமேல் வைத்து லேசாக ஊதவும். உருண்டு ஓடும். இரண்டையும் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு மீண்டும் ஊதவும். உருளாது. பட்டை வைத்த பென்சில் தனியாகவே உருளாது என்பதால், உருண்டைப் பென்சிலாகக் கேட்டு வாங்கினேன். ஒட்டி நிற்கும் கயாக்குகளும் அப்படித்தான். மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப் போகும்போது சாலையைக் கடக்க இருவர் இருவராகக் கைகோத்து வரச் சொல்வோம். நூறு மீட்டர் விட்டு வரச் சொன்னதில்லை.

9. ஆகவே, நூறு மீட்டர் என்பதை நீக்கி, “கயாக்குகள் குழுவாகவே செல்ல வேண்டும், கவிழ்ந்தவரின் கயாக்கை எட்டிப் பிடிக்க ஒருவராவது அருகில் இருக்க வேண்டும், ஒன்றாக நிற்கும்போது நங்கூரம் போட்டிருக்க வேண்டும்” என்று ஆணையைத் திருத்தித் தரும்படியும், எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெறும்படியும் வேண்டுகிறோம்.

எங்கள் பங்குக்கு, முதல் மீனுக்கான விலக்கை இன்றோடு ரத்து செய்துவிட்டோம். இனி நங்கூரம் முறை வைத்துப் போடப்படும். நடத்துநர் நங்கூரக் கயிற்றைத் தொட்டுப் பார்த்து விசில் ஊதிய பிறகே தேநீர்க் குடுவை திறக்கப்படும். விலக்கு போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. அன்று முதல் மீன் என்னுடையதுதான்.

நேரில் வந்து பார்க்கத் தாங்கள் விரும்பினால், டாக்டரம்மாவிடம் இருவர் அமரும் கயாக் ஒன்று இருக்கிறது. தொப்பியும் மாற்றுத் துணியும் கொண்டு வந்தால் போதும். தேநீர் எங்களுடையது.

தங்கள் பேனாவும் கை எட்டும் தூரத்தில்தான் இருக்கும் என்ற நம்பிக்கையுடன்,

இடம்: படகுச் சரிவுக் கொட்டகை
நாள்: ஞாயிறு, மூவர் மட்டும் கடலுக்குப் போய்வந்த காலை

இப்படிக்கு,
(ஒப்பம்) ஓய்வுபெற்ற ஆசிரியை
(ஒப்பம்) பல் மருத்துவர்
(ஒப்பம், கட்டைவிரலில் கட்டு இருப்பதால் சற்றுக் கோணல்) நடத்துநர்
(ஒப்பம்) தையல்காரர்

இணைப்பு: உருண்டைப் பென்சில் – 2, ரப்பர் பேண்டு – 1.

ஐயா, டீச்சர் எழுதியது எல்லாம் உண்மை. சாவி என்னிடம்தான் இருக்கிறது. முத்திரை குத்திய ஆர்டரைக் கண்ணால் பார்த்தால்தான் அலமாரியைத் திறப்பேன். தயவுசெய்து சீக்கிரம் அனுப்புங்கள். இவர் தூங்கும்போதும் துடுப்பு போடுகிறார், பக்கத்தில் படுக்க முடியவில்லை.
– தையல்காரரின் மனைவி