நீ இஸ்திரி போட்டுத் தந்த சட்டை

அன்புள்ள சின்னவனுக்கு அப்பா எழுதுவது.

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. மூட்டை தூக்கிப் பழகிய கை, பென்சிலையும் மூட்டை மாதிரிதான் பிடிக்கிறது என்று எங்கள் முதியோர் வகுப்பு டீச்சர் சொல்கிறார். வரிகள் வலது பக்கம் மேடு ஏறிப் போகும். தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் சரியாகிவிடும். உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம். உங்கள் கண்ணுக்கும் இந்தச் சிரமம் வந்து சேர்ந்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, நிதானமாகப் படியுங்கள்.

யாரும் எழுதித் தராமல் நானே எழுதும் முதல் கடிதம் இது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இப்போதெல்லாம் பஸ் பலகையை நானே படித்துத்தான் ஏறுகிறேன். கடைப் பெயர், மருந்துப் பெட்டி, சுவரில் நோட்டீஸ் ஒட்டாதே என்று எழுதியிருப்பது, எதையும் விடுவதில்லை. அப்பா, மனசுக்குள்ளயே படிங்க, தெருவே திரும்பிப் பாக்குது என்று உன் அக்கா திட்டுகிறாள். மனசுக்குள் படிக்க இன்னும் வரவில்லை.

ஆனால் முழுசாக நான் படித்த முதல் பெரிய தாள் எது தெரியுமா? உன் வாக்குமூலம். வக்கீலம்மா நகல் கொடுத்தார். எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். இஸ்திரிப் பெட்டியின் மின்னிணைப்பைத் துண்டிக்காமல் கவனக்குறைவாக விட்டுச் சென்றேன் என்று நீ சொன்னதாக இருக்கிறது. மின்னிணைப்பு என்ற சொல் உன் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. கரண்ட் என்றுதான் சொல்வாய். படித்து முடித்ததும், இதற்காகவா எழுத்தைக் கற்றோம் என்று எரிச்சலாக வந்தது.

போன முறை உன்னைப் பார்க்க வந்தபோது சண்டை போட்டுவிட்டுப் போனேன். அது தப்புதான். ஆனால் நான் என்ன செய்வேன்? கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் முப்பது பேர் கத்துகிறோம், அந்தப் பக்கம் நீங்கள் முப்பது பேர். தொண்டை கிழிய, நீ செய்யலைன்னு சொல்லுடா என்கிறேன். நீ தலையைக் குனிந்துகொண்டு, நான்தான் விட்டுட்டு வந்திருப்பேன் போலப்பா என்கிறாய். பெட்டியை எந்த மேஜையில் வைத்தாய் என்றால், இடது பக்க மேஜைன்னு அவங்க சொன்னாங்க என்கிறாய். அவங்க சொன்னாங்களாம். அன்று அந்த அறையில் இருந்தது நீயா, அவர்களா? அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். வெளியே வந்து சுவரை ஒரு குத்து குத்தினேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

தையல் பட்டறை எரிந்ததும், உள்ளே தூங்கிய வாட்ச்மேன் பெரியவர் போய்ச் சேர்ந்ததும் எனக்கும் வலிக்கிறது. உனக்கு தினமும் தன் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்த மனுஷன். அவருக்காக நீ அழுவது நியாயம். அழுவதும் ஒப்புக்கொள்வதும் ஒன்றில்லையேடா.

உன் இஸ்திரிப் பெட்டியின் வயர் இன்னும் நம் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. உங்கள் பட்டறையில் இஸ்திரி போடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு வயர். ஒருத்தன் வயரை இன்னொருத்தன் எடுத்தால் அடிதடி. அதனால்தான் நீ தினமும் பெட்டியிலிருந்து வயரைக் கழற்றி, கழுத்தில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவாய். மாப்பிள்ளை வந்தாச்சு என்று அக்கா கேலி செய்வாள். வயர் இங்கே இருந்தால் பெட்டி அங்கே எப்படிச் சுடும்? இதை எடுத்துக்கொண்டு போய் இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன். வயரைக் கையால்கூடத் தொடவில்லை. கடையில ஆயிரம் வயர் கிடைக்கும் பெரியவரே, உங்க பையனே ஒத்துக்கிட்டான், நீங்க எதுக்கு அலையறீங்க என்றார். வக்கீலம்மாவும் அதைத்தான் வேறு மாதிரி சொல்கிறார். அவன் நீதிபதி முன்னாடி இல்லைன்னு சொல்லணும் ஐயா, அவனே ஆமான்னு நின்னா நான் யாருக்காக வாதாடறது என்கிறார்.

உன்னிடம் கேட்டால், தினமும் எடுத்துட்டு வருவேன், அன்னைக்கு மட்டும் மறந்திருப்பேன் என்கிறாய். இதுவும் அவர்கள் சொன்னதுதானே? உனக்கு ஞாபகம் இருக்கறது வேற நாளு, அன்னைக்கு இல்லன்னு விடிய விடிய சொன்னாங்க என்று நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய்.

உன் மேல் எனக்கிருந்த கோபம் எப்படிப் போனது என்று சொல்கிறேன். எங்கள் வகுப்பில் ஒரு மழை நாளில் டீச்சரின் குடை காணாமல் போனது. முந்தைய வகுப்பில் கடைசியாக வெளியே போனவன் நான். என்னோடு படிக்கிற தையல்காரம்மா ஆரம்பித்தார், நீங்கதானே கடைசி என்று. நான் சிரித்தேன். என் பக்கத்தில் உட்காருகிற முடிதிருத்துகிறவர், உங்க கையில கறுப்பா ஏதோ இருந்துச்சு, கண்ணால பாத்தேன் என்றார். இல்லை என்றேன். திரும்பக் கேட்டார்கள். இல்லை என்றேன். மறுபடியும் கேட்டார்கள். அப்புறம் முடிதிருத்துகிறவர் என் தோளில் கை போட்டு, வயசாச்சுல்ல, மறந்திருக்கும், யாரு உங்கள தப்பா நெனக்கப் போறாங்க, சொல்லிட்டா எல்லாரும் வீட்டுக்குப் போலாம் என்றார். அந்த அன்புதான் என்னைக் கவிழ்த்தது. யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஈரமான குடைக் கைப்பிடி கைக்குள் வந்தது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அதைச் சாய்த்து வைத்ததும், மறந்துவிட்டு இறங்கியதும் தெரிந்தது. ஆமாம்மா, நான்தான் எடுத்திருப்பேன் என்று சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் நிம்மதி. தையல்காரம்மா பிஸ்கட் கொடுத்தார். எனக்கும் மனசு லேசாகிவிட்டது.

அடுத்த வகுப்பில் பள்ளிக்கூடத்துப் பியூன் குடையோடு வந்து நிற்கிறார். தண்ணி சொட்டுதேன்னு ஆபீஸ் ரூம்ல மாட்டி வெச்சேன், மறந்துட்டேன் டீச்சர் என்கிறார். முடிதிருத்துகிறவர் பார்த்த கறுப்பு, என் பை. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்றால், இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் குடை பஸ் ஜன்னலோரம் இருக்கிறது. நான் தொடாத குடை.

ஒரு குடைக்கு, நாலு சிநேகிதர்கள் நடுவில், ஒரு வகுப்பு நேரத்திலேயே நான் அப்படி ஆனேன். உன்னைத் தூங்கவிடாமல், மாற்றி மாற்றி ஆள் வந்து, ஒருத்தர் அடிக்க ஓங்கி, ஒருத்தர் தம்பி என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டதும் டீ வாங்கிக் கொடுத்துத் தூங்கச் சொன்னார்கள் என்றாய். எனக்கு பிஸ்கட், உனக்கு டீ. அன்றைக்கே என் கோபம் உன்னை விட்டு இறங்கிவிட்டது. மற்றவர்கள் மேல் அப்படியே இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பட்டறை எரிந்த அன்று சாயங்காலம் நம் வீட்டில் நீ எனக்கு ஒரு சட்டை இஸ்திரி போட்டுத் தந்தாய். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு முதல் வகுப்பு. அந்தச் சட்டையோடு நான் வகுப்பில் இருக்கும்போதுதான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நம் வீட்டுப் பழைய பெட்டிக்குத் தனி வயர் கிடையாது, உன் பட்டறை வயரை மாட்டினால்தான் சுடும் என்பது உனக்குத் தெரியும். அந்தச் சட்டையை இஸ்திரி போடும்போது ஒன்று நடந்தது. நீயும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அது என்ன என்று நான் எழுதப்போவதில்லை. நான் எழுதினால், அவர்கள் உனக்கு இடது பக்க மேஜையைக் கொடுத்த மாதிரி நானும் ஒன்றைக் கொடுத்ததாக ஆகும். வக்கீலம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். நீ யாரையும் கேட்காதே. என் முகத்தையும் நினைக்காதே. தனியாக உட்கார்ந்து, கழுத்திலிருந்து வயரைக் கழற்றியதிலிருந்து நினைத்துப் பார். வந்ததை எழுது. வராவிட்டால் வரவில்லை என்றே எழுது. பொய்யாக ஒன்று வேண்டாம், அது நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. அக்கா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பா


அன்புள்ள சின்னவனுக்கு,

உன் கடிதம் வந்தது. அக்கா படிக்கிறேன் என்று கையை நீட்டினாள், நான் கொடுக்கவில்லை. என் பெயருக்கு வந்தது, நானே படித்தேன். எழுத்து இந்தத் தடவையும் மேடு ஏறுகிறது, அதிகாரி ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சட்டைப் பையில் பென்சில் இருப்பது தெரியாமல் அதன் மேலேயே பெட்டியை வைத்து அழுத்தினேன், படக்கென்று இரண்டாக உடைந்தது, அப்பா பாதிப் படிப்பு முடிஞ்சுதுன்னு சொன்னேன் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது. அதேதான். ஒரு எழுத்துகூட மாறவில்லை. பஸ்ஸைப் பிடித்து வக்கீலம்மாவிடம் ஓடினேன். அவர் எழுதி வைத்திருந்ததையும் உன் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். பட்டறைத் தொழிலாளர்களிடமும் வயர் வழக்கத்தைக் கேட்டு எழுதி வாங்கப் போகிறாராம்.

ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனா அது அன்னைக்குத்தானா, வேற நாளான்னு தெரியலப்பா என்று. அந்த இன்ஸ்பெக்டர் இன்னும் உன் காதுக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாரா?

நான் எதையும் சொல்லித் தரப்போவதில்லை. கேட்கிறேன், நீயே பதில் சொல்லிக்கொள். அந்த நாளுக்கு முன்னால் உன் அப்பாவுக்குப் பென்சிலோடு என்ன வேலை இருந்தது? அந்தப் பென்சிலை வாங்கியது யார், எங்கிருந்து வரும் வழியில் வாங்கினாய்? அப்போது உன் கழுத்தில் என்ன இருந்தது? அதற்கடுத்த நாளிலிருந்து நீ எனக்கு எந்தச் சட்டையை இஸ்திரி போட்டிருக்க முடியும்? முதல் வகுப்பு ஒன்றுதான் இருக்கும்டா, இரண்டு இருக்காது.

வரும் வாரம் உன்னைக் கோர்ட்டுக்குக் கூட்டி வருவார்கள். நீதிபதி கேட்கும்போது, இருப்பேன் என்று சொல்லாதே. போல என்றும் சொல்லாதே. அந்த இரண்டு சொல்லாலும் நாம் பட்டது போதும். பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். பட்டறையிலிருந்து கிளம்பியதிலிருந்து பென்சில் உடைந்ததுவரை நடந்ததை நடந்தபடி சொல். உன் வாயால், உன் சொல்லில். கரண்ட் என்றே சொல்லு. நான் பின்வரிசையில் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பையில் கரிக்கோடு இன்னும் போகவில்லை, அக்கா துவைத்துப் பார்த்துவிட்டாள்.

ஒரு பாதிப் பென்சில் தேய்ந்து தேய்ந்து இந்தக் கடிதத்தோடு தீர்ந்துவிட்டது. இன்னொரு பாதியைச் சீவி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அதைக்கொண்டுதான் உனக்கு எழுதுவேன். அந்தக் கடிதத்தை எனக்கும் உனக்கும் நடுவில் வேறு யாரும் பிரித்துப் படிக்க வேண்டியிருக்கக்கூடாது. உன் கையிலேயே கொடுத்து, நீ படிப்பதை நான் எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நல்லா இருடா.

உன் அப்பா