விழுப்புரத்தில் முதல் வகுப்பு

ஞாயிறு

புதுக் கோட்டின் கையில் விலைச்சீட்டு தொங்கியபடியே இன்று வாழ்க்கைப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். முன்வரிசையில் சிரித்ததை என் ஜோக்குக்கு என்று நினைத்துக்கொண்டேன். பத்தாவதோடு நின்றவனுக்கு லைஃப் கோச் பட்டமே பெரிசு, இதில் கோட்டு வேறு.

திண்டிவனத்தில் மாடி அறையில் ஆரம்பித்த வகுப்புக்கு இன்று விழுப்புரத்தில் கல்யாண மண்டபமே நிறைந்துவிட்டது. "குடும்பத்தில் பொறுத்துப் போகிறவர்தான் ஜெயிக்கிறார்" என்றேன். நல்ல கைதட்டல். அப்போதுதான் கடைசி வரிசையில் மகள் செல்வியைப் பார்த்தேன். அவளை இந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மடியில் துணிப்பை வைத்திருந்தாள்.

முடிந்ததும் வந்து சீட்டைப் பிய்த்தெடுத்தாள்.

"இதோடவாப்பா இவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்தீங்க?"

"பை எதுக்கும்மா?"

"உங்களோடவே நம்ம வூட்டுக்கு வந்துடலாம்னு கெளம்பிட்டேன். அவரு மறுபடியும் கை நீட்டிட்டாரு." சிரிக்கப் பார்த்தாள். "நீங்க பேசறதக் கேட்டேன். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கறேன்ப்பா."

"அது பொதுவா சொல்றதும்மா" என்று இழுத்தேன். அதற்குள் அடுத்த வகுப்பு எப்போது என்று கேட்டு நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால், அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய், அவள் புருஷன் வீட்டுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். பார்த்து ஓட்டச் சொன்னேன். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொன்னேன். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், வகுப்பு நன்றாகப் போனது என்றும் சொல்லிவிட்டேன்.

நான் பேசனது தப்பும்மா, வா போவலாம் என்று மட்டும் சொல்லவில்லை.